இரண்டு கட்டம் நடந்தவன்

தருவைமுனைக்கு முதல் சிப்பாய் வந்து சேர்ந்தது வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணிக்கு. உப்பு லாரிகள் எடைமேடைக்கு முன்னால் வரிசைகட்டி நின்றன, டிரைவர்கள் லாரி நிழலில் குந்தியிருந்து வடை தின்றார்கள், எடைமேடைக் குமாஸ்தா அமலோற்பவம் கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து சீட்டு எழுதிக்கொண்டிருந்தாள். அப்போது தெற்கேயிருந்து, மொத்த ஊரையும் ஒரே நேர்கோட்டில் கடந்து, ஒரு குள்ளமான மனிதன் நடந்து வந்தான். மழித்த தலை, உருண்டை முகம், கழுத்தைச் சுற்றித் தடித்த காலர், பழைய மரச்சீப்பின் நிறத்தில் உடம்பு. செருப்பின் அடியில் பச்சை வெல்வெட் ஒட்டியிருந்ததால் அவன் நடப்பது யார் காதிலும் விழவில்லை. நேராக வந்து, மூட்டை நிறுக்கும் தராசின் மேல் ஏறி நின்று, சன்னலுக்கு உள்ளே பார்த்துக் கேட்டான்.

"என்னைக் கொடுத்தீங்களே, அந்த ஆட்டத்துல ஜெயிச்சீங்களா?"

அமலோற்பவம் பேனாவை வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள். இடது காதுக்கு மேலே தலையில் சிறு துண்டு பெயர்ந்திருந்தது. அந்தப் பெயர்ப்பு அவளுக்குத் தெரியும். பதினாலு வயதில், கோவில்பட்டியில் ஒரு பள்ளிக்கூட ஹாலில், சதுரங்கப் போட்டியின் முதல் சுற்றில், அவள் தன் கையால் இரண்டு கட்டம் தள்ளி வெட்டுக்கு நிறுத்திய சிப்பாயின் தலையில் அதே இடத்தில் அதே பெயர்ப்பு இருந்தது.

"கோவில்பட்டி," என்றாள். "ஜெயிச்சோம் தம்பி. இருபத்தாறாவது மூவ்ல."

அவன் சற்று யோசித்தான். பிறகு தலையசைத்தான். அதுவரை சுழியத்தில் நின்ற தராசு முள் மெல்ல நகர்ந்து ஐம்பத்து நாலில் போய் நின்றது, பலகை ஒருமுறை முனகியது. டிரைவர்கள் வடையை முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் எழுந்து வந்து, மூட்டை தூக்க ஆள் பத்தவில்லை என்று கங்காணி காலையிலேயே புலம்பினார், உமக்குச் சம்மதமா என்று கேட்டார். அவன் சம்மதம் என்றான். இவ்வளவுதான் நடந்தது.

மறுநாள் இரண்டு பேர் வந்தார்கள். அதற்கு மறுநாள் நாலு பேர்.

அமலோற்பவத்துக்கு அப்போது ஐம்பத்தொரு வயது. சதுரங்கப் பலகையைத் தொட்டு இருபத்தெட்டு வருஷம் ஆகியிருந்தது. ஆடிய காலத்தில், வெள்ளைக் காய் கையில் கிடைத்த ஒவ்வொரு முறையும் அவள் ஒரே தொடக்கத்தைத்தான் ஆடினாள். ராஜாவின் முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்துவாள், எதிரில் இருப்பவரும் அதையே செய்வார், உடனே ராஜாவுக்கு வலது கைப் பக்கத்தில் நிற்கும் மந்திரியின் முன்னாலுள்ள சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி, எடுத்துக்கொள் என்று எதிரியின் வாய்க்கு முன்னால் நிறுத்துவாள். எடுத்தால் எதிரியின் சிப்பாய் நடுவிலிருந்து விலகிப் போகும், நடு நமக்கு வரும். கொடுத்த சிப்பாய் நின்ற வரிசை திறந்துகொள்ளும், ராஜாவை ஒதுக்கிக் கோட்டை கட்டியதும் யானை அந்தத் திறந்த வழியே எதிரி ராஜாவின் வாசல்வரை பார்க்கும். எதிரி ராஜாவைத் தவிர வேறு காவல் இல்லாத ஒரு கட்டம் அங்கே இருக்கிறது, மந்திரியும் யானையும் குதிரையும் அந்த ஒரு கட்டத்தையே குறிவைக்கும். பதிலுக்கு நாம் கொடுப்பது நம் ராஜாவின் கதவை. காற்றும் வரும், எதிரி ராணியும் வருவாள். புத்தகங்களில் இதற்குக் கிங்ஸ் கேம்பிட் என்று பெயர். தருவைமுனைக்காரர்கள் சங்கதி தெரிந்ததும் கொடுத்தாட்டம் என்று வைத்துக்கொண்டார்கள்.

ஒன்பது வருஷத்தில் நூற்று அறுபத்து மூன்று தடவை அவள் அந்தச் சிப்பாயைக் கொடுத்திருந்தாள். இப்போது அவர்கள் கொடுக்கப்பட்ட வரிசைப்படியே ஒவ்வொருவராக வந்தார்கள்.

ஊர் அவர்களின் நடையை ஒரு வாரத்தில் படித்துக்கொண்டது. அவர்களுக்குத் திரும்பத் தெரியாது. தெற்கேயிருந்து வந்தவர்கள், வடக்கு பார்த்தே நிற்பார்கள், வடக்கு பார்த்தே நடப்பார்கள். நின்ற இடத்திலிருந்து வைக்கும் முதல் எட்டு மட்டும் நீளம், பிறகு ஒரே அளவில் அடி மேல் அடி. குறுக்கே போகவேண்டுமென்றால் சாய்வாக நிற்கும் யாரையாவது தள்ளிவிட்டுத்தான் போகமுடியும், அதை அவர்கள் விரும்பவில்லை. நேர் முன்னால் ஏதாவது இருந்தால் நின்றுவிடுவார்கள். சந்தைப்பேட்டையில் ஒரு ஆடு படுத்து அசைபோட்டதில் விருதுநகர்க்காரன் ஒரு பகல் முழுக்க வெயிலில் நின்றான், ஆடாக எழுந்து போனபிறகுதான் நகர்ந்தான். கொடுக்கப்பட்ட ஊரின் பெயரையே ஒவ்வொருவருக்கும் வைத்தார்கள்: சேலம், விருதுநகர், கும்பகோணம், இரண்டாம் சேலம், ஈரோடு.

அவர்களை வடக்கே எதற்கு வேண்டுமானாலும் அனுப்பலாம், தெற்கே கொண்டுவர சைக்கிள் கேரியரில் பின்புறமாக உட்கார்த்தி வைத்து மிதிக்க வேண்டும். இதனால் தெற்குத் தெருக்காரர்களுக்கு வேலைக்கு அனுப்பச் சுளுவாக இருக்கிறது, எங்களுக்குக் கூட்டிவரும் பாடுதான் மிச்சம் என்று வடக்குத் தெருக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். ஊராட்சித் தலைவி இருதயமேரி இரண்டு தெருவையும் உட்கார வைத்துப் பேசி, நாளுக்கு நாலு சைக்கிள் முறைவைத்துச் சமாதானம் செய்தாள். தாலுகா ஆபீசில் இவர்களைப் பதிய தகப்பன் பெயர் கேட்டார்கள். எல்லாருக்கும் பொறுப்பாளர் அமலோற்பவம் என்று இருதயமேரி எழுதிக் கொடுத்தாள். கோயிலில் பலிபீடம் மேற்கே இருந்தது. பூசை நேரத்தில் சிப்பாய்கள் வடக்குச் சுவரைப் பார்த்து நின்றார்கள், அந்தச் சுவரில் அம்பு தைத்த செபஸ்தியாரின் படம் மாட்டியிருந்தது. இத்தனை பேர் பார்க்கிற இடத்தில் ஏதோ இருக்கத்தான் வேண்டும் என்று ஊராரும் அங்கே மெழுகுவர்த்தி ஏற்ற ஆரம்பித்து, ஆனி மாதத்துக்குள் அந்தச் சுவர் புகையேறிக் கறுத்துப்போயிற்று.

ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒவ்வொருவனும் எடைமேடைக்கு வந்தாக வேண்டும், தராசில் ஏற வேண்டும், அதே கேள்வியைக் கேட்க வேண்டும். அமலோற்பவத்துக்கு ஒரு ஆட்டமும் மறந்திருக்கவில்லை. ஜெயிச்சோம் என்று நூற்று எட்டுப் பேருக்குச் சொன்னாள். தோத்துட்டோம் என்று முப்பத்தேழு பேருக்கு. சமம் என்று பதினேழு பேருக்கு. ஜெயித்த ஆட்டத்துச் சிப்பாய் குதித்ததும் இல்லை, தோற்ற ஆட்டத்துச் சிப்பாய் அழுததும் இல்லை. தெரிந்தால் போதும் அவர்களுக்கு. தெரிந்த மறு நொடி முள் நகரும், உடம்புக்குக் கனம் வரும், கேட்டுக்கொண்டு நிற்கும் கூட்டத்திலிருந்து யாராவது ஒருவர், மூன்று பிள்ளைகளையும் கப்பலுக்கு அனுப்பிவிட்டுத் தனியே வலை முடிகிற சந்தனமாரியோ, பெண்டாட்டி செத்தபிறகு அடுப்பே பற்றவைக்காத சவரக்காரர் இஞ்ஞாசியோ, "நம்ம வீட்டுக்கு வாரும்" என்று கையைப் பிடிப்பார். அவன் போய்விடுவான். அந்த ஆனி மாதத்தில் தருவைமுனையில் தனியே சாப்பிட்டவர்கள் யாரும் இல்லை.

அமலோற்பவம் மட்டும் தனியே சாப்பிட்டாள். அவள் யாரையும் கூப்பிடவில்லை. அவள் கூப்பிடக்கூடும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. ஐந்தரைக்கு எடைமேடையைப் பூட்டி, சைக்கிளை மிதித்துத் தெற்குக் கோடியிலுள்ள வீட்டுக்குப் போய், ஒரு ஆளுக்கு உலை வைத்து, தட்டை எடுத்து அடுக்களைத் தரையில் வைத்துக்கொண்டு சாப்பிடுவாள். பக்கத்து வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டால், இரண்டாம் சேலத்துக்கு யாரோ தாயம் கற்றுக்கொடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வாள்.

கடைசிச் சிப்பாய் ஆனி முடியும் வாரத்தில் வந்தான். அன்று லாரிகள் இல்லை. அவன் மற்றவர்களைப் போல நேராக நடந்து வரவில்லை, காற்று வீசும்போதெல்லாம் கடல் பக்கம் ஒதுங்கி ஒதுங்கி வந்தான். தராசில் ஏறினான். முள் அசையவில்லை.

"என்னைக் கொடுத்தீங்களே, ஜெயிச்சீங்களா?"

"திருச்சி," என்றாள் அமலோற்பவம்.

கூட்டம் காத்திருந்தது. "எக்கா, சொல்லுங்க" என்றாள் இருதயமேரி.

"அந்த ஆட்டம் ஆடல."

ஊருக்கு அது புரியவில்லை. அவன் புரிந்துகொள்ள முயன்றபடி அங்கேயே நின்றான். சாயங்காலம்வரை நின்றான். கூட்டம் ஒவ்வொருவராகக் கலைந்தது, கனமில்லாத ஆளை வீட்டில் வைத்து என்ன செய்வது என்று யாரும் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் எல்லாரும் அதையே நினைத்தார்கள். ஐந்தரை மணிக்கு அமலோற்பவம் எடைமேடையைப் பூட்டினாள், அவன் இடுப்பில் கைகொடுத்துத் தூக்கினாள், ஓலையில் முடைந்த காலி உமல் பெட்டியைத் தூக்குவது போல இருந்தது, கேரியரில் பின்புறம் பார்க்க உட்கார்த்தி வைத்தாள். அவன் வடக்கே பார்த்துக்கொண்டிருக்க, அவள் தெற்கே மிதித்தாள்.

அன்றைக்கு இரண்டு ஆளுக்கு உலை வைத்தாள்.

இப்படி இருபது நாள். காலையில் அவன் முன்னால் நடக்க, அவள் சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்னால் போனாள். பகலெல்லாம் தராசுக்குப் பக்கத்தில் நின்று லாரி நம்பரை வாசித்துச் சொன்னான். சாப்பிடும்போது அவன் வடக்குச் சுவரைப் பார்த்து உட்கார வேண்டியிருந்ததால் அவள் தன் தட்டை எடுத்துக்கொண்டு போய் அந்தச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள், அவன் முகத்துக்கு நேராக. அவள் சாப்பிடுவதை யாரோ ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பது பதினோரு வருஷத்தில் அதுவே முதல் தடவை. முதல் இரண்டு நாள் அவளுக்கு விக்கலெடுத்தது.

"ஏன் ஆடல?" என்று ஒருநாள் கேட்டான்.

அவள் சொன்னாள். மாநிலப் போட்டி, கடைசிச் சுற்று, ஜெயித்தால் கோப்பை, ரயில்வேயில் வேலை. எதிரில் தேவகோட்டைப் பெண் ஒருத்தி, உமையாள் என்று பெயர். அவனைக் கொடுத்தாகிவிட்டது, உமையாள் எடுத்தாகிவிட்டது, அமலோற்பவம் தன் மந்திரியை வெளியே கொண்டுவந்தாகிவிட்டது. அப்போது ஹால் வாசலில் சித்தப்பா வந்து நின்றார். அப்பா உப்பு அம்பாரத்திலிருந்து விழுந்து கை கால் வராமல் கிடக்கிறார். தம்பி அருளப்பனுக்கு அந்த வெள்ளிக்கிழமை மஸ்கட்டுக்கு விமானம். ஒரு ஆள் வீட்டில் இருந்தாக வேண்டும். அப்பா பதினோரு வருஷம் கிடந்தார், அவர் போனபிறகு அம்மா ஆறு வருஷம். அதற்குள் அவளைப் பெண் கேட்டு வருகிற வயது போய்விட்டது.

அவன் மென்றுகொண்டிருந்ததை விழுங்கினான். "அப்ப உங்களையும் கொடுத்தாங்க."

"அப்படித்தான் வச்சுக்கோ."

"ஜெயிச்சாங்களா?"

அருளப்பன் மஸ்கட்டில் வீடு வாங்கியிருந்தான், பிள்ளைகள் கனடாவில் படித்தார்கள், கிறிஸ்மஸுக்குக் கிறிஸ்மஸ் போனில் பேசுவான், நல்லா இருக்கியா அக்கா என்பான், இருக்கேன் என்பாள்.

"தெரியல," என்றாள். "யாரும் வந்து சொல்லல."

ஆடி பிறந்தது. தருவைமுனையில் ஆடிக்காற்று மேற்கேயிருந்து வரும், உப்பளத்துப் பாத்திகளின் தண்ணீரை நுரைத்துக்கொண்டு, ஓலைகளைப் பிய்த்துக்கொண்டு, எல்லாவற்றையும் கடலைப் பார்க்கத் தள்ளும். கனமுள்ள நூற்று அறுபத்திரண்டு பேரும் ஊரோடு சேர்ந்து தலையைக் குனிந்துகொண்டு நடந்தார்கள். திருச்சி மட்டும் ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு முழம் கிழக்கே போனான். அமலோற்பவம் அவன் சட்டைப்பைகளில் உப்பை அள்ளிப் போட்டுப் பார்த்தாள், வியர்வையில் கரைந்துவிட்டது. பிறகு எடைமேடைத் தூணில் ஒரு கயிற்றைக் கட்டி மறுமுனையை அவன் இடுப்பில் கட்டினாள். அவன் மறுப்புச் சொல்லவில்லை. மேற்கேயிருந்து காற்று ஓங்கும் நேரங்களில் அவன் கயிற்றின் நுனியில் தரையை விட்டு எழும்பிப் பட்டம் போல நிற்பான், வடக்கே பார்த்தபடியே.

உமையாளுக்கு ஒரு கடிதம் எழுதினால் போதும் என்று முதல் நாளே அவளுக்குத் தெரியும். ஆட்டத்தை முடித்தால் அவனுக்குப் பதில் கிடைக்கும், பதில் கிடைத்தால் கனம் வரும், கனம் வந்தால் அவனும் மற்ற எல்லாரையும் போல ஒருநாள் யார் கையையாவது பிடித்துக்கொண்டு போவான். ஒவ்வொரு நாளும் கடிதத்தாளை எடுத்து மேசையில் வைப்பதும், சோறு வடிக்க நேரமாயிற்று என்று எழுந்துபோவதுமாக இருந்தாள். இன்னும் இரண்டு நாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். காற்று நின்றுவிடும் என்றும் சொல்லிக்கொண்டாள்.

ஆடி ஏழாம் நாள் பகலில் கயிறு அறுந்தது. அவள் ஒரு லாரிக்குச் சீட்டுக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது தூணில் துண்டுக் கயிறு மட்டும் ஆடியது. அவள் எடைமேடையைத் திறந்தபடி போட்டுவிட்டுக் கடற்கரைக்கு ஓடினாள். கரையேற்றி வைத்திருந்த ஒரு வள்ளத்தின் முன்மூக்கான அணியத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவன் கிடையாக மிதந்துகொண்டிருந்தான், கால்கள் கடலுக்கு மேலே நீண்டிருந்தன, பச்சை வெல்வெட் ஒரு செருப்பில் பாதி கிழிந்துவிட்டது. அவள் அவன் மணிக்கட்டைப் பற்றி இழுத்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டாள். காற்று தணியும்வரை, ஒரு மணி நேரம் இருக்கும், அவனை அணைத்தபடி வள்ளத்தின் மறைவில் மணலில் உட்கார்ந்திருந்தாள். அவன் உடம்பில் வார்னிஷ் வாசனை அடித்தது.

"பயந்துட்டியா?"

"பயமில்ல," என்றான். "தெரியாமலே போயிடுவேனோன்னு இருந்துச்சு."

அன்று அவள் கடிதம் எழுதினாள். பழைய விலாசம்தான் இருந்தது. தேவகோட்டை, சிலம்பணி தெற்குத் தெரு. ஒரே வரி: நாம் நிறுத்திய ஆட்டத்தை முடிக்க வர முடியுமா?

பதில் வரவில்லை, ஆடி மூன்றாம் ஞாயிறு காலை பஸ்ஸில் உமையாளே வந்து இறங்கினாள். ஒல்லியாக, நரைத்த தலையை இறுக்க வாரி, கையில் ஒரு துணிப்பையோடு. பூசை முடிந்து வந்துகொண்டிருந்த ஊர் அவளுக்கு வழி விட்டது, வடக்கே நடந்துகொண்டிருந்த சிப்பாய்கள் அவள் எதிரில் வந்ததும் வழக்கம்போல நின்றார்கள், அவள் ஒவ்வொருவனையும் சுற்றிக்கொண்டு தெற்குக் கோடிக்கு வந்து சேர்ந்தாள்.

"இத்தனை வருஷம் கழிச்சு நீ கூப்பிடுவேன்னு நெனைக்கல," என்றாள் அமலோற்பவத்திடம். "அன்னிக்கு நீ எழுந்து போனதும் நான் ஜெயிச்சதா அறிவிச்சுக் கோப்பையைக் கொடுத்தாங்க. அதை வச்சுத்தான் பேங்கு வேலையே கிடைச்சது. கோப்பையை நான் ஒருநாளும் வெளிய வைக்கல, துணியைப் போட்டு மூடிப் பரண்ல வச்சிருக்கேன். வர்றவங்க கேட்டா என்ன சொல்றது?"

"உன் மேல என்ன தப்பு?"

"தப்பில்ல. ஆனா நான் ராணியைத் தூக்கிட்டேன், அமலா. நீ எழுந்திருக்கிறப்ப ராணி என் கையில இருந்துச்சு."

தொட்ட காயைத்தான் ஆட வேண்டும். அது இருவருக்கும் தெரியும். இருபத்தெட்டு வருஷமாகத் தன் கையில் இருந்த அந்த நகர்வை உமையாள் இன்னும் ஆடாமலே இருந்தாள்.

டிரங்குப் பெட்டியிலிருந்து பலகையை எடுத்து முன்னறையில் விரித்தார்கள். மூன்று நகர்வுகளை ஞாபகத்திலிருந்து அடுக்கினார்கள். திருச்சி வடக்குச் சுவரைப் பார்த்து நின்றான், இடுப்புக் கயிறு சன்னல் கம்பியில் கட்டியிருந்தது. பலகை அவனுக்கு முதுகுப்பக்கம் இருந்ததால் அவனால் எதையும் பார்க்க முடியவில்லை, அமலோற்பவம் ஒவ்வொரு நகர்வையும் வாயால் சொல்லிக்கொண்டே ஆடினாள். தெரு முழுக்க ஆட்கள் நின்றார்கள், யாரும் இருமக்கூட இல்லை.

உமையாள் ராணியை எடுத்துப் பலகையின் ஓரத்துக்குக் கொண்டுபோய் வைத்தாள். "செக்."

திறந்த கதவு வழியாக ராணி வந்துவிட்டாள். அமலோற்பவம் ராஜாவை ஒரு கட்டம் ஒதுக்கினாள், இனி கோட்டை கட்ட முடியாது. ஆனால் அவளுக்கு அந்த வழி தெரியும்: வெளியே வந்த ராணியைக் குதிரையால் விரட்டி, அவள் ஓடுகிற ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நம் காய் ஒன்றை வெளியே இறக்க வேண்டும், எதிரியின் காய்கள் வீட்டுக்குள் தூங்கும்போதே நம்முடையவை தெருவில் இருக்க வேண்டும். பத்தாவது நகர்வுக்குள் அவளுடைய மந்திரியும் இரண்டு குதிரைகளும் அந்த ஒரு கட்டத்தைக் குறிவைத்து நின்றன. அவள் கன்னம் சிவந்திருந்தது. இருபத்து மூன்று வயதில் இருந்த அதே வேகம் விரல்களில் திரும்பி வந்திருந்தது.

உமையாள் அவசரப்படவில்லை. எடுத்த சிப்பாயின் இடத்தில் நின்ற தன் கறுப்புச் சிப்பாய்க்குப் பின்னால் இன்னொரு சிப்பாயை முட்டுக்கொடுத்து நிறுத்தினாள், ஒவ்வொரு தாக்குதலுக்கும் ஒரு காயைக் காய்க்கு மாற்றிக் கழித்தாள். அமலோற்பவம் எந்த வழியைத் திறந்தாளோ அந்த வழியில் அவளுடைய ராஜாவே நின்று மறித்தார், யானை மூலையில் அடைபட்டுக் கிடந்தது. அதை அங்கிருந்து வெளியே எடுப்பதற்குள் பகல் இரண்டு மணியாகிவிட்டது. பலகையில் காய் குறையக் குறைய, தொடக்கத்தில் கொடுத்த அந்த ஒரு சிப்பாயின் குறை பெரிதாகிக்கொண்டே வந்தது. நாற்பத்தோராவது நகர்வில் அமலோற்பவம் தன் ராஜாவைப் படுக்க வைத்தாள்.

உமையாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "வீட்டுக்குப் போனதும் பரண்ல ஏறணும்," என்றாள்.

அமலோற்பவம் எழுந்து சுவரோரமாகப் போய் அவன் முகத்துக்கு நேரே நின்றாள்.

"நாம தோத்துட்டோம், தம்பி."

அவன் யோசித்தான். "நல்லா ஆடினோமா?"

"ஆடினோம்."

"சரி," என்றான்.

தரை அதிர்ந்தது. அவன் இரண்டு பாதமும் சிமெண்டுத் தளத்தில் இறங்கிய சத்தம் தெருவரை கேட்டது, வெளியே சந்தனமாரி சிலுவை போட்டுக்கொண்டாள். அமலோற்பவம் அவன் இடுப்புக் கயிற்றை அவிழ்த்தாள், தினமும் அவளே போட்ட முடிச்சு, நகத்தால் நெம்பி எடுக்க வேண்டியிருந்தது.

உமையாள் மூன்று மணி பஸ்ஸுக்குப் போனாள். ஊரார் தெருவிலேயே நின்றார்கள், யாராவது கூப்பிடட்டும் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இருதயமேரி இந்த முறை கொஞ்சம் சத்தமாகவே, "எக்கா, நீங்க கூப்பிடுங்க" என்றாள்.

அமலோற்பவம் வாழ்நாளில் யாரையும் இரு என்று கேட்டதில்லை. அவளுக்கு வார்த்தையை எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

"இங்கேயே இருந்துடலாம்," என்றாள். "இடம் இருக்கு."

அவன் சுவரைப் பார்த்தபடியே சொன்னான். "இருக்கலாம். ஆனா நீங்க என்னை நடக்க விட்டது ரெண்டே ரெண்டு கட்டம். அதுக்கப்புறம் பெட்டிக்குள்ள. இங்க வந்தும் நடந்தது காத்து தள்ளின வழிதான். என் கால்ல நான் நடந்தா எவ்வளவு தூரம் போவேன்னு எனக்குத் தெரியாது."

அவனைத் தூக்கி வாசலுக்குக் கொண்டுபோகப் பார்த்தாள், இப்போது தூக்க முடியவில்லை. இஞ்ஞாசியும் சந்தனமாரியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தெருவில் வடக்கே பார்க்க இறக்கிவிட்டார்கள். முதல் எட்டு நீளமாக வைத்தான். பிறகு அடி மேல் அடி. கிழிந்த செருப்பு ஒரு பக்கம் மட்டும் சரக் சரக் என்று சத்தம் போட்டது.

அவள் வாசலில் நின்று அவன் முதுகைப் பார்த்தாள். அவனால் திரும்பிப் பார்க்க முடியாது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றால் அவ்வளவுதான், இனி அவன் அவளைப் பார்க்கவே மாட்டான். அவள் பக்கத்துச் சந்தில் இறங்கி ஓடினாள். கோயில் தெருவோடு ஓடி, மீன்பாடு சந்தில் திரும்பி, அவனுக்கு முன்னால் முச்சந்தியில் போய் ஓரமாக நின்றாள். அவன் வந்தான், பார்த்தான், முகம் மலர்ந்தது, கடந்து போனான். அவள் மறுபடியும் சந்தில் இறங்கினாள், சந்தைப்பேட்டையில் முந்திப்போய் நின்றாள். அவன் பார்த்தான், கடந்து போனான். ஐஸ் பேக்டரி முனையில் நின்றாள். தண்ணித் தொட்டியடியில் நின்றாள். செருப்பு எங்கேயோ கழன்று போயிருந்தது, கொண்டை அவிழ்ந்திருந்தது, எடைமேடைக் குமாஸ்தா ஓடி யாரும் பார்த்ததில்லை என்பதால் ஊர் வீட்டு வாசல்களில் நின்று பேசாமல் பார்த்தது.

எடைமேடையோடு தெருக்கள் முடிந்தன. அதற்கப்பால் இரண்டு பக்கமும் உப்புப் பாத்திகள், நடுவே வளைவே இல்லாத பதினோரு கிலோமீட்டர் ரோடு. முந்திப் போக இனிச் சந்து எதுவும் இல்லை. அவள் மூச்சிரைக்க ரோட்டின் நடுவில் போய், அவன் வருகிற வழிக்கு நேர் முன்னால் நின்றாள்.

அவன் வந்து, ஒரு கை தூரத்தில் நின்றான்.

அவள் நிற்கும்வரை அவனால் நகர முடியாது. அவளுக்கு அது தெரியும், அவனுக்கும் தெரியும். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள், உருண்டை முகம், நெற்றியில் உப்பு பூத்திருந்தது, அதைத் தன் முந்தானையால் துடைத்தாள். காற்று அவனை அசைக்கவில்லை. பின்னால் ஒரு லாரி வந்து நின்றது, டிரைவர் ஹாரனில் கை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டார், அவருக்குப் பின்னால் இன்னொரு லாரி, அதற்குப் பின்னால் இன்னொன்று. பாத்திகளில் வெயில் சாய்ந்து வெள்ளையெல்லாம் மஞ்சளாகும்வரை அவள் அங்கேயே நின்றாள்.

பிறகு ஓரடி விலகி நின்றாள்.

தருவைமுனையில் வீட்டை விட்டுப் புறப்படுகிற யாரும் போய்விட்டு வருகிறேன் என்றுதான் சொல்வார்கள். அவனுக்கு அந்தப் பழக்கத்தை யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

"போறேன்," என்றான்.

"போ," என்றாள் அமலோற்பவம்.